ரேடியோ வானின் மினுமினுப்பு

முகிலற்ற இரவொன்றில் வானத்தை அண்ணாந்து பாருங்கள். விண்மீன்கள் மினுக்குகின்றன; வியாழனும் வெள்ளியும் மினுக்குவதில்லை. காரணம் உங்களுள் பலருக்குத் தெரிந்ததே. நமக்கு மேலுள்ள காற்று எப்போதும் கலங்கிக்கொண்டிருக்கிறது. அதனூடே வரும் ஒளி அங்குமிங்கும் வளைகிறது. விண்மீன் நம் கண்ணுக்கு வெறும் புள்ளி. ஆகவே அதன் ஒளி கூடுவதும் குறைவதும் உடனே தெரிகிறது. கோளோ ஒரு சிறு வட்டம். வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே மினுக்க, ஒன்றின் ஏற்றத்தை மற்றொன்றின் இறக்கம் ஈடுசெய்துவிடுகிறது. எனவே, மினுக்குவது சிறியது, மினுக்காதது பெரியது என்று தொலைநோக்கி இல்லாமலே நாம் சொல்லிவிடலாம்.

பால்வழி மண்டலத்துக்கு அப்பால், பல கோடி ஒளியாண்டுத் தொலைவிலிருந்து ரேடியோ அலைகளை வீசும் மூலங்களுக்கும் இது பொருந்தும். அவற்றின் உருவையும் அளவையும் அறிவதில் இந்த மினுமினுப்பு பெரும் பங்கு வகித்திருக்கிறது. ஒரு முறை அறிஞர்களைத் தவறான பாதையில் நடத்திச் சரியான ஊருக்கே கொண்டு சேர்த்தது. பின்னர் அவர்களுக்கு நல்ல அளவுகோலாகப் பயன்பட்டது. அதன் பின்னும் ஒரு முறை ஏமாற்றியது. அந்த வரலாற்றைக் காண்போம்.

சிக்னஸ் திசையில் ஒரு துடிப்பு

வானிலிருந்து ரேடியோ அலைகள் வருகின்றன என்பதை அமெரிக்கப் பொறியாளர் கார்ல் ஜான்ஸ்கி 1933-இல் வெளியிட்டார். அவை பால்வழி மண்டலம் முழுவதிலுமிருந்து பரவலாக வருபவை என்றே அன்று எண்ணினர். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ரேடார் ஆராய்ச்சியில் இருந்த ஹே என்பவர், போர் முடிந்ததும் பார்சன்ஸ், பிலிப்ஸ் என்ற இருவருடன் சேர்ந்து, மாற்றியமைத்த ரேடார் கருவிகளை வானை நோக்கித் திருப்பினார். 1946-இல் 64 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அவர்கள் கண்டது வியப்பானது. சிக்னஸ் விண்மீன் குழுவின் திசையிலிருந்து வந்த அலைகளின் வலிமை நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கியது!

பரந்து கிடக்கும் பால்வழி ஒரே நிமிடத்தில் முழுவதுமாகக் கூடிக் குறைய முடியாது. ஒரு முனையில் நிகழும் மாற்றம் மறுமுனைக்கு எட்டவே, ஒளியின் வேகத்திலும் ஆண்டுகள் பல ஆகும். ஆகவே அங்கே தனித்த, சிறிய மூலம் ஒன்று இருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தனர். முடிவு சரியே. ஆனால் காரணம் தவறு. கேம்பிரிட்ஜிலும், அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜோட்ரல் பாங்கிலும் ஒரே நேரத்தில் அதே மூலத்தைக் கவனித்தார்கள். இரண்டு இடங்களின் ஏற்ற இறக்கங்களும் சிறிதும் ஒத்துப்போகவில்லை. மூலமே மாறியிருந்தால் இரண்டு பதிவுகளும் ஒத்திருக்க வேண்டும் அல்லவா? துடித்தது சிக்னஸ் மூலம் அன்று. நம் தலைக்கு மேலே சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலம் என்பது 1950-இல் தெளிவாயிற்று. ஆயினும் மூலம் சிறியதாக இருந்ததால்தான் அது மினுக்கியது. அதனால்தான் தவறான காரணம் சரியான முடிவைத் தந்தது.

சிக்னஸ் ஏ என்று பெயர் பெற்ற அந்த மூலம் சுமார் 75 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலம் என்று 1954-இல் பாடேயும் மின்கோவ்ஸ்கியும் காட்டினர். அதற்கு முந்தைய ஆண்டே ஜோட்ரல் பாங்கில் ஜெனிசனும், கல்கத்தாவிலிருந்து அங்கு சென்றிருந்த எம். கே. தாஸ் குப்தாவும் 125 மெகாஹெர்ட்ஸில் அளந்து, அது ஒற்றை மூலம் அல்ல, இரட்டை என்று கண்டிருந்தனர். கண்ணுக்குப் புலப்படும் மண்டலத்தின் இரு பக்கங்களிலும், அதை விட்டு வெகுவாக விலகி, இரண்டு ரேடியோ மேகங்கள்! இத்தகைய உருவை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. இன்னும் நுணுகிப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் அன்றுதான் பிறந்தது.

அலைநீளம் போட்ட முட்டுக்கட்டை

நுணுகிப் பார்ப்பது எளிதா? ஒரு பாகையை 60 கலைகளாகவும், ஒரு கலையை 60 விகலைகளாகவும் பகுப்பது வழக்கம். இரண்டு கிலோமீட்டர் தொலைவில் வைத்த ஒரு சென்டிமீட்டர் அகலப் பொருள் நம் கண்ணில் ஏற்படுத்தும் கோணமே ஏறத்தாழ ஒரு விகலை. ஒரு தொலைநோக்கியின் பிரிதிறன் அலைநீளத்தை அதன் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு விகலையைப் பிரித்தறிய 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஆடி போதும். 327 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளம் 92 சென்டிமீட்டர். அதற்கு 190 கிலோமீட்டர் அகலக் கருவி வேண்டும். 81.5 மெகாஹெர்ட்ஸில் 750 கிலோமீட்டருக்கும் மேல்!

குறைந்த அதிர்வெண்ணை விட்டுவிட்டு, சென்டிமீட்டர் அலைகளில் பார்த்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பலர் அப்படியும் செய்தனர். ஆனால் இம்மூலங்களில் ரேடியோ அலையை எழுப்புபவை, காந்தப்புலத்தில் சுழன்றோடும் அதிவேக எலெக்ட்ரான்கள். ஆற்றல் மிகுந்த எலெக்ட்ரான் விரைவில் ஓய்ந்துவிடும். ஆற்றல் குறைந்தது நெடுங்காலம் நிலைக்கும். அவை பேசுவது குறைந்த அதிர்வெண்ணில். மூலத்தின் பழங்கதை அங்கேதான் கிடைக்கிறது. மேலும், மிகவும் செறிந்த மூலம் ஒன்று குறைந்த அதிர்வெண்ணில் தான் வீசும் அலைகளைத் தானே விழுங்கிக்கொள்ளும். எந்த அதிர்வெண்ணில் விழுங்கத் தொடங்குகிறது என்பதையும் அதன் அளவையும் அறிந்தால், அங்குள்ள காந்தப்புலத்தைக் கணக்கிடலாம். எனவே இந்த நீண்ட அலைகளை ஒதுக்கிவிட முடியாது.

சந்திரனே கருவி

முதல் வழியைக் காட்டியது சந்திரன். அது வானில் நகர்ந்து செல்கையில் ரேடியோ மூலம் ஒன்றை மறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சந்திரன் ஒரு நொடிக்குச் சுமார் அரை விகலை நகர்கிறது. புள்ளி போன்ற மூலம் சட்டென மறையும். அகன்ற மூலம் மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும். இரட்டை மூலம் இரண்டு படிகளாக மறையும். மறையும் விதத்தை நேரத்தோடு பதிவு செய்தால் மூலத்தின் உருவம் கிடைத்துவிடும். தொலைநோக்கியின் பிரிதிறன் குறைவாக இருந்தாலும் கவலையில்லை.

1962 ஆகஸ்டு 5 அன்று ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் நகருக்கு அருகிலுள்ள 64 மீட்டர் தொலைநோக்கியில் ஹசார்டும் அவருடைய தோழர்களும் 3சி 273 என்ற மூலம் மறைவதை இவ்வாறு பதிவு செய்தனர். சுமார் 20 விகலை இடைவெளியில் இரண்டு பகுதிகள் இருப்பது தெரிந்தது. அவற்றுள் ஒன்று மங்கலான ஒரு 'விண்மீன்' மீது சரியாகப் பொருந்தியது. மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையை ஆராய்ந்து, அது விண்மீனே அன்று, சுமார் 200 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பொருள் என்று 1963-இல் அறிவித்தார். குவேசார்கள் அறிமுகமானது இப்படித்தான்.

சந்திரனின் விளிம்பு கத்தி முனை போன்றது. கத்தி முனையில் படும் அலை என்ன செய்யும்? கல்லூரி ஆய்வகத்தில் சவர அலகின் விளிம்பில் ஒளியைச் செலுத்தி, நிழலின் ஓரத்தில் தோன்றும் வரிகளைப் பார்த்த மாணவர்களுக்கு இது புதிதல்ல. 92 சென்டிமீட்டர் அலைக்குச் சந்திரன் தரும் விளிம்பு விளைவு வரிகளின் அகலம் சுமார் 7 விகலை. அதற்கு மேல் நுணுக முடியாது என்றே தோன்றும். ஆனால் வரிகள் எப்படி அமையும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியுமாதலால், கணக்கின் மூலம் அவற்றை நீக்கிவிடலாம் என்று கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஷாயர் 1962-இல் எழுதினார். அவரது முறையால் ஒரு விகலை வரை எட்ட முடிந்தது.

உதகையின் சரிவு

ஹசார்டின் கட்டுரையைப் படித்தவர்களுள் கோவிந்த் ஸ்வரூப் ஒருவர். அமெரிக்காவிலிருந்து திரும்பி, 1963-இல் பம்பாயிலுள்ள டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தவர். தற்செயலாகச் சந்திரன் மறைக்கும் ஒன்றிரண்டு மூலங்களைப் பார்ப்பதற்குப் பதிலாக, சந்திரனையே தினந்தோறும் பல மணி நேரம் பின்தொடரும் பெரிய கருவி ஒன்றைக் கட்டினால் நூற்றுக்கணக்கான மூலங்களை அளக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது.

இங்கேதான் நமது நீலகிரி வருகிறது. உதகை சுமார் 11 பாகை வட அட்சரேகையில் உள்ளது. அங்கே முத்தோரை அருகே வடக்கு தெற்காகச் சரியும் ஒரு மலைச்சரிவின் சாய்வும் சுமார் 11 பாகை. அந்தச் சரிவின் மீது நீளவாக்கில் ஒரு தொலைநோக்கியைப் படுக்க வைத்தால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு அச்சைப் பற்றி மெதுவாகச் சுழற்றினாலே போதும். கிழக்கே எழும் மூலத்தை மேற்கே சாயும் வரை, சுமார் ஒன்பதரை மணி நேரம், விடாமல் தொடரலாம். பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள நாட்டுக்கு இயற்கை அளித்த சலுகை இது. இங்கிலாந்தில் இதைச் செய்ய வேண்டுமானால் 52 பாகைச் சரிவில் அல்லவா கட்ட வேண்டும்! உதகைத் தொலைநோக்கியைப் பற்றி எழுதுபவர்கள் அதன் நீளத்தையே பெரிதாகச் சொல்கிறார்கள். என் கருத்தில் அந்தச் சரிவைத் தேர்ந்ததே அதன் மிகச் சிறந்த பகுதி.

நீளமும் சாதாரணமானதன்று. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 பரவளையச் சட்டங்கள். அவற்றின் மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். 92 சென்டிமீட்டர் அலைக்கு இந்தக் கம்பி வரிசையே கண்ணாடி போலப் பிரதிபலிக்கும். 1970-இல் இது செயல்படத் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் சுமார் ஆயிரம் மங்கலான மூலங்களின் கோண அளவுகள் இங்கு கிடைத்தன.

இவ்வளவு அளவுகளை வைத்து என்ன செய்தார்கள்? அன்று வானியலில் ஒரு பெரும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. பேரண்டம் எக்காலத்திலும் ஒரே தோற்றமுடையது என்றது ஹாயில் முதலியோரின் மாறா நிலைக் கொள்கை. அது காலத்தோடு மாறி வந்துள்ளது என்றது பெருவெடிப்புக் கொள்கை. தொலைவில் பார்ப்பது பழங்காலத்தைப் பார்ப்பது என்பதை நீங்கள் அறிவீர்கள். மங்கலான மூலங்கள் பொதுவாகத் தொலைவில் இருப்பவை. அவற்றின் கோண அளவு எப்படிக் குறைகிறது என்று கண்டால் பேரண்டம் மாறியதா என்று கேட்டறியலாம். ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் 1975-இல் வெளியிட்ட விடை இதுதான்: மூலம் மங்க மங்க அதன் கோண அளவு குறைந்துகொண்டே போகிறது, மாறா நிலைக் கொள்கையால் இதை விளக்க முடியவில்லை, மூலங்களின் தொகை காலத்தோடு மாறியிருந்தால்தான் கணக்கு ஒத்துவருகிறது. உண்மையைச் சொன்னால், நுண்ணலைப் பின்புலம் 1965-இல் கண்டுபிடிக்கப்பட்ட போதே பெரும்பாலோர் தீர்ப்பை எழுதிவிட்டனர். ஆனால் வேறொரு முறையில், முற்றிலும் வேறான அளவுகளைக் கொண்டு வந்த சாட்சியத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

சந்திரனுக்கும் எல்லை உண்டு. அது செல்லும் பாதையில் உள்ள மூலங்களை மட்டுமே மறைக்கும். சிக்னஸ் ஏ அந்தப் பாதைக்கு மிக வடக்கே உள்ளது. அதைச் சந்திரன் ஒருநாளும் மறைக்காது. ஒரு விகலைக்குக் கீழே உள்ள அளவுகளுக்கும் வேறு வழி தேட வேண்டியிருந்தது.

சூரியக் காற்றின் உதவி

அந்த வழியை முதலில் கண்டவர் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த மார்கரெட் கிளார்க். 178 மெகாஹெர்ட்ஸ் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த போது, சில மூலங்களின் வலிமை ஒரு நொடி அளவில் படபடவென ஏறி இறங்குவதைக் கவனித்தார். அயனி மண்டலத்தின் மினுமினுப்பு இவ்வளவு விரைவானதன்று. மேலும், எல்லா மூலங்களும் இவ்வாறு படபடக்கவில்லை. மிகச் சிறியவை என்று ஏற்கெனவே தெரிந்திருந்தவை மட்டுமே படபடத்தன. கருவிக் கோளாறு என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1964-இல் முடித்த தம் ஆய்வேட்டில் அதைக் குறித்து வைத்தார். அதே ஆண்டில் ஹியூயிஷ், ஸ்காட், வில்ஸ் ஆகிய மூவரும் காரணத்தை உறுதிப்படுத்தி வெளியிட்டனர்.

காரணம் சூரியக் காற்று. சூரியனிலிருந்து நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் எப்போதும் வீசிக்கொண்டிருக்கும் பிளாஸ்மா அது. அதில் நூறு, இருநூறு கிலோமீட்டர் அளவுள்ள அடர்த்தி வேறுபாடுகள் உள்ளன. அவை மூலத்துக்கும் நமக்கும் இடையே ஓடும்போது ரேடியோ அலை மினுக்குகிறது. 200 கிலோமீட்டரை 400-ஆல் வகுத்துப் பாருங்கள், அரை நொடி! கிளார்க் கண்ட படபடப்பும் அந்த அளவினதே. எவ்வளவு சிறிய மூலம் மினுக்கும் என்பதையும் நீங்களே கணக்கிடலாம். 150 கிலோமீட்டரைச் சூரியனுக்கும் நமக்கும் உள்ள 15 கோடி கிலோமீட்டரால் வகுத்தால் கிடைக்கும் கோணம் ஒரு விகலையில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த அளவுக்குக் கீழுள்ளது நன்கு மினுக்கும். அதைவிட மிகப் பெரியது மினுக்காது. சூரியன் ஆண்டுக்கு ஒரு முறை வானைச் சுற்றி வருவது போல் தோன்றுவதால், ஒவ்வொரு மூலத்தையும் நெருங்கி விலகும். அதற்கேற்ப மினுமினுப்பு எப்படிக் கூடிக் குறைகிறது என்று பார்த்தால் மூலத்தின் அளவு தெரியும். மொத்த வலிமையில் எத்தனை பங்கு மினுக்குகிறது என்று பார்த்தால் அதனுள் செறிந்த பகுதி எவ்வளவு என்பது தெரியும். பல நூறு கிலோமீட்டர் கருவியின் வேலையை ஒரே இடத்தில் உள்ள கருவி செய்துவிடுகிறது.

ஹியூயிஷ் இதற்கென்றே நாலரை ஏக்கர் நிலத்தில் 2048 இருமுனை ஆண்டெனாக்களை நட்டு, 1967 ஜூலையில் 81.5 மெகாஹெர்ட்ஸில் ஆய்வைத் தொடங்கினார். அங்கேதான் ஜோஸ்லின் பெல் முதல் பல்சாரைக் கண்டார். அதற்கும் நம் கதைக்கும் உள்ள உறவை நினைவில் வைப்பவர் குறைவு. சூரியனுக்கு எதிர்த்திசையில், நள்ளிரவில், மினுக்கக் கூடாத நேரத்தில் ஒன்று மினுக்கியது. மினுமினுப்பின் இலக்கணம் நன்கு தெரிந்திருந்ததால்தான் அந்த வழு அவர் கண்ணில் பட்டது.

அந்த ஆண்டெனாத் தோட்டம் தன் சொந்த வேலையையும் செய்தது. 1974-இல் ரெட்ஹெட்டும் ஹியூயிஷும் சுமார் 1500 மூலங்களின் மினுமினுப்பைப் பட்டியலிட்டனர். உதகையிலும் எழுபதுகளில் 327 மெகாஹெர்ட்ஸில் இதே முறை கையாளப்பட்டது. இவற்றால் தெளிவான ஒன்று: சிக்னஸ் ஏ போன்ற இரட்டை மூலங்களின் வெளி முனைகளில் மிகச் சிறிய, மிகப் பிரகாசமான திட்டுகள் உள்ளன. பழைய வெடிப்பின் எச்சமாக மட்டும் அந்த மேகங்கள் இருந்தால் அத்தகைய திட்டுகள் எப்போதோ விரிந்து மங்கியிருக்கும். நடுவிலுள்ள மண்டலத்திலிருந்து இன்றும் ஆற்றல் பாய்ந்துகொண்டிருக்க வேண்டும். அது மோதும் இடமே திட்டு. விண்மீன் மண்டலத்தின் மையத்திலிருந்து பீறிடும் தாரைகளைப் பற்றி இன்று படிக்கிறோமே, அக்கருத்துக்கு இத்திட்டுகள் வலுவூட்டின.

மீண்டும் ஓர் ஏமாற்றம்

1965-இல் சோவியத் வானியலார் ஷோலோமிட்ஸ்கி, சிடிஏ 102 என்ற மூலத்தின் வலிமை சுமார் 100 நாள் இடைவெளியில் மாறுவதாக அறிவித்தார். வேற்றுலக நாகரிகம் ஒன்று செய்தி அனுப்புகிறது என்று பத்திரிகைகள் பரபரத்தன. வானியலார் பலர் நம்பவில்லை. 1972-இல் ஆஸ்திரேலியாவின் ஹன்ஸ்டெட், 408 மெகாஹெர்ட்ஸில் நான்கு மூலங்கள் ஓராண்டு அளவில் மாறுவதைக் காட்டினார். அவற்றுள் சிடிஏ 102-உம் ஒன்று!

இது பெரும் சங்கடத்தைக் கிளப்பியது. ஓராண்டில் மாறும் மூலம் ஓர் ஒளியாண்டை விட மிகப் பெரிதாக இருக்க முடியாது. அவ்வளவு சிறிய இடத்திலிருந்து, நீண்ட அலையில், இவ்வளவு வலிமை வருமானால் அதன் பொலிவு வெப்பநிலை அளவு கடந்து போகும். எலெக்ட்ரான்களால் வீசப்படும் அலைக்கு அது சுமார் ஒரு லட்சம் கோடி கெல்வினைத் தாண்ட முடியாது என்று கெல்லர்மனும் பாலினி-டோத்தும் 1969-இல் காட்டியிருந்தனர். ஹன்ஸ்டெட்டின் மூலங்களோ அதைப் பல மடங்கு மீறின. இயற்பியலில் எங்கோ ஓட்டை இருக்கிறதா? மூலங்கள் ஒளிக்கு மிக நெருங்கிய வேகத்தில் நம்மை நோக்கி வருகின்றனவா? பத்தாண்டுகளுக்கும் மேலாக விவாதம் நடந்தது.

1984-இல் ரிக்கெட், கோல்ஸ், பூர்ஷுவா ஆகியோர் தந்த விடை 1946-ஐ நினைவூட்டுகிறது. துடிப்பு மூலத்தில் இல்லை, வழியில் இருக்கிறது. இம்முறை குறுக்கே நின்றது அயனி மண்டலமும் அன்று, சூரியக் காற்றும் அன்று. பால்வழி மண்டலத்தில் விண்மீன்களுக்கு இடையே பரவியுள்ள எலெக்ட்ரான் மேகங்கள். அவை பெரியவை, தொலைவில் உள்ளவை, மெல்ல நகர்பவை. ஆகவே மினுமினுப்பும் மாதக்கணக்கில் நடக்கிறது. மூலம் ஓர் ஒளியாண்டுக்குள் அடங்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. கெல்லர்மனின் எல்லை தப்பியது. எனினும் சென்டிமீட்டர் அலைகளில் சிடிஏ 102 உண்மையாகவே மாறும் குவேசார்தான். தாமே மாறும் மூலங்களையும் மாற்றப்படும் மூலங்களையும் பிரித்தறிய, பல அதிர்வெண்களில் ஒருசேரப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கருவிகள் இன்று வெகுவாக வளர்ந்துவிட்டன. நெதர்லாந்தை மையமாகக் கொண்டு ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் பரவியுள்ள லோஃபார் என்னும் ஆண்டெனா வலை 2000 கிலோமீட்டர் அளவுக்கு விரிந்தது. 150 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளில் ஒரு விகலையில் மூன்றில் ஒரு பங்கு நுணுக்கமுள்ள படங்களை அது தருகிறது. அதற்கும் அயனி மண்டலத்தின் கலக்கத்தைக் கணினியால் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் பாலைவெளியில் உள்ள தொலைநோக்கியோ கிளார்க்கின் முறைக்கே திரும்பியது. ஒரே நேரத்தில் வானின் பெரும்பரப்பைப் பார்த்து, 162 மெகாஹெர்ட்ஸில் மினுக்கும் நூற்றுக்கணக்கான மூலங்களை அது பிரித்தெடுத்த முடிவுகள் 2018-இல் வெளியாயின.

உதகையில் கணக்கு தலைகீழாக மாறிற்று. எந்த மூலம் எவ்வளவு சிறியது என்று தெரிந்துவிட்ட பிறகு, அந்த மூலங்களின் மினுமினுப்பை நாள்தோறும் பதிவு செய்து, சூரியக் காற்று எங்கே எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்று கண்டறியத் தொடங்கினார்கள். சூரியனிலிருந்து பெரும் பிளாஸ்மா மேகம் ஒன்று கிளம்பினால், அது கடந்து செல்லும் வழியிலுள்ள குவேசார்களின் மினுமினுப்பு ஒவ்வொன்றாகக் கூடும். பூமியை எட்டுவதற்கு முன்பே அதன் போக்கு முத்தோரைப் பதிவுகளில் தெரிந்துவிடுகிறது.